ஏழாவது வரிசை

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சேர்ந்த ரப்பர் கம்பெனிக்கு யார் வந்தாலும் மேனேஜர் கோவிந்தராஜ் முதலில் இதைத்தான் சொல்வார். நம்ம நாலாம் நம்பர் பிரஸ் வீராசாமியோட பொண்ணு, பி.ஈ. படிச்சிருக்கு என்பார், ஏதோ கம்பெனியே பெற்று வளர்த்த மாதிரி. வந்தவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். நான் சிரிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் சிரித்தேன்.

என் பெயர் வேம்புலியம்மாள். அடையாள அட்டையில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை என்று ஆபீசில் வேம்பு ஆக்கிவிட்டார்கள். வீட்டிலும் வேம்புதான், ஆனால் வீட்டில் வெட்டவில்லை, செல்லமாகக் கூப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றில்லை.

நைனா அந்தக் கம்பெனியில் இருபத்தோரு வருஷமாகப் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். லாரிக்குப் போகிற ரப்பர் புஷ், அதிர்வு தாங்குவதற்கு இரும்புக்கு நடுவில் மாட்டுகிற உருளை. வெட்டி எடை போட்ட ரப்பர் துண்டைச் சூடான மோல்டுக்குள் வைத்து பிரஸ்ஸை இறக்க வேண்டும். இறக்கிய சில நொடியில் மோல்டை மயிரிழை திறந்து, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். எப்போது திறப்பது, எத்தனை முறை திறப்பது, இதில்தான் எல்லாம் இருந்தது. தவறினால் புஷ்ஷுக்குள் கொப்புளம் கட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது, அறுத்தால்தான் தெரியும். நைனா காற்று சீறுகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கழிவு பீஸ் போடுகிற சிவப்புத் தட்டில் ஆபரேட்டரின் டோக்கன் நம்பர் எழுதிய சீட்டு கிடக்கும். அவருடைய நம்பர் 118. அந்த நம்பரை அந்தத் தட்டில் பார்ப்பது அபூர்வம்.

வேப்பம்பட்டிலிருந்து இருவரும் ஒரே ரயிலில்தான் வருவோம். அவர் கூட்டாளிகளோடு ஒரு பெட்டி, நான் லேடீஸ். பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடக்கும்போது அவர் இருபது அடி முன்னால் போவார். கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் நான் மேடம். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் அங்கே அவரை நைனா என்று கூப்பிட்டதில்லை. எந்தப் பெயரும் சொல்லாமல், கொஞ்சம் இங்கே பாருங்க என்று ஆரம்பிப்பேன். அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் கூப்பிட வார்த்தை இல்லாமல் எட்டு மணி நேரம் ஓட்டுகிற இடத்துக்குத்தான் கம்பெனி என்று பெயர்.

1993இல் எங்களிடம் புஷ் வாங்குகிற லாரிக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. பொருள் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரு ஜப்பான்காரர் வகுத்த தர முறையைப் படித்து ஒரு சோதனையாவது செய்து காட்ட வேண்டும். இதற்காகப் பேராசிரியர் பாஸ்கரன் என்று ஒருவரை வரவழைத்தார்கள். மூன்று நாள், முழுக்க இங்கிலீஷ், திரையில் படம் காட்டி வகுப்பு. பிரஸ் பக்கம் அவர் ஒரே ஒரு முறை வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு.

ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நிஜமாகவே பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். பொருள் ஏன் கெடுகிறது என்று காரணத்தைத் துரத்திக்கொண்டு ஓடாதே. சில காரணங்களை உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவை இருந்துவிட்டுப் போகட்டும். அவை எப்படி ஆடினாலும் பொருள் ஆடாத மாதிரி உன் கையில் இருக்கிற சூடு, நேரம், எடை, வடிவம் இவற்றைத் தேர்ந்தெடு. அவ்வளவுதான். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத, வாத்தியார் எந்த நாள் வருவார் என்று தெரியாத ஊரில் படித்து வந்தவளுக்கு இது வெறும் பாடமாகத் தெரியவில்லை. உலகம் சரியாகாது, அது சரியாகாமலேயே நீ நிற்கலாம் என்று ஒருவர் கணக்கோடு சொல்கிறார். மூன்று நாளும் நான் கண் சிமிட்டவில்லை.

நாலாம் நாள் கோவிந்தராஜ் என்னைக் கூப்பிட்டார். சோதனையை ஓட்டப்போவது பிரஸ் ஆட்கள், அவர்களுக்கு இது தமிழில் போய்ச் சேர வேண்டும், நீதான் சொல்லித் தர வேண்டும் என்றார். உன் ஆட்கள்தானே என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

கேன்டீனில் கரும்பலகை வைத்து வகுப்பு எடுத்தேன். எட்டு நிரந்தர ஆபரேட்டர்கள் பெஞ்சில். முன்வரிசையில் உட்காராமல் தூணுக்குப் பின்னால் நைனா. எடுத்தவுடன் டீயை வைத்து ஆரம்பித்தேன். எங்கள் கேன்டீன் பக்தவத்சலம் போடுகிற டீ நன்றாக இருக்கும், அவர் லீவு போட்டால் யாரும் குடிக்க மாட்டார்கள். பால் ஒரு நாள் தண்ணியாக வரும், ஸ்டவ் ஒரு நாள் சீறும் ஒரு நாள் அழும், போடுகிற கையும் மாறும். இந்த மூன்றையும் நம்மால் திருத்த முடியாது. ஆனால் தூள் எவ்வளவு, எத்தனை நிமிஷம் கொதிக்கணும், பாலை எப்போது ஊத்தணும், இதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், யார் போட்டாலும், எந்தப் பாலில் போட்டாலும் ஒரே ருசி வருகிற ஒரு அளவு கிடைக்கும் என்றேன்.

துலுக்கானம் என்று ஆறாம் நம்பர் பிரஸ்காரர், எதற்கும் வாய் சும்மா இருக்காது. "அப்ப பக்தவத்சலத்த ஊட்டுக்கு அனுப்சிடலாம்னு சொல்லுமா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்தவத்சலம் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

பிறகு எங்கள் புஷ்ஷுக்கு வந்தேன். நம் கையில் இல்லாதவை என்று பலகையில் எழுதி வரிசையாகப் போட்டேன். மத்தியானம் இறங்குகிற வோல்டேஜ். மழை நாளில் ரப்பரில் ஏறுகிற ஈரம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி வருகிற காம்பவுண்டு, அதாவது ரப்பர் கலவை. நாலாவதாக, பேராசிரியர் கொடுத்த தாளில் இருந்தபடியே, ஆபரேட்டர்.

தூணுக்குப் பின்னாலிருந்து கை உயர்ந்தது.

"மழ, கரண்ட்டு, அதெல்லாம் சரி மேடம். எங்கள எதுக்கு அந்த லிஸ்ட்டுல எழுதிகீறீங்கோ?"

குறை சொல்லவில்லை, நீங்கள் லீவு போட்டால் வேறு ஆள் வருகிறார் இல்லையா, அந்த வித்தியாசத்துக்காகத்தான் என்றேன். பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கேள்விதான் எனக்குப் புரியவில்லை. அவர் சரி மேடம் என்று கையை இறக்கிவிட்டார்.

சோதனை மொத்தம் ஒன்பது வரிசை. சூடு, நேரம், துண்டின் எடை, துண்டின் வடிவம், நாலுக்கும் மூன்று மூன்று அளவு. ஒன்பது வரிசையில் ஒவ்வொன்றிலும் ஒரு விதமான கலவை. சில வரிசையில் பீஸ் நாசமாகத்தான் போகும், அது முன்னாடியே தெரியும். நாசமாகிறதும் நமக்கு வேண்டும், அதிலிருந்துதான் எது எவ்வளவு பாதிக்கிறது என்று கணக்குப் போட முடியும். ஒவ்வொரு வரிசையையும் காலையிலும் மத்தியானமும் ஓட்ட வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாக. அனுபவசாலி ஒருவர், புதியவர் ஒருவர். அனுபவசாலி நைனா. புதியவர் மதுரைவீரன், பூந்தமல்லியிலிருந்து கான்ட்ராக்டில் மூட்டை தூக்க வந்தவர், பிரஸ் ஓட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. காற்றை ஒரே ஒரு தடவை, இறக்கிய பத்தாவது நொடியில் விட வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான உத்தரவு.

ஏழாவது வரிசைதான் இருப்பதிலேயே மோசம். அதிகச் சூடு, கட்டியாக ஒரே துண்டு. மதுரைவீரன் போட்ட பத்தும் உள்ளே சல்லடை. நைனா போட்ட பத்தும் வெண்ணெய் மாதிரி. அறுத்த முகத்தில் ஒரு புள்ளி இல்லை.

ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசமா என்று முதலில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்டாவது வரிசையிலும் அப்படியே. சந்தேகம் வந்து ஒன்பதாவதை ஓட்டும்போது பக்கத்தில் இருந்த அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்பனை ஒளிந்து நின்று பார்த்தேன். பத்தாவது நொடியில் ஒரு தடவை திறந்தார். காதைச் சாய்த்தார். இன்னொரு தடவை. மறுபடி ஒரு தடவை, ரொம்பச் சின்னதாக, கை நடுங்கினது போல. நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு அரை நிமிஷம் விட்டுத்தான் எடுத்தார்.

மறைவிலிருந்து வெளியே வந்து கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"ஏழாவது வரிசையில போட்டுகீற சூட்டுக்கு ஒரு தபா காத்து உட்டா கொப்புளம் கட்டிகினு வந்துரும் மேடம். தெரிஞ்சே எப்டி கெடுக்கறது? தாளுமேல உங்க பேரு கீதே."

அந்த இடத்தில் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று இன்று தெரியும். அன்று கோபம்தான் வந்தது. மூன்று நாள் வேலை பாழ். பேராசிரியர் வந்து கேட்டால் என்ன சொல்வது? அப்பா என்பதால் விட்டுவிட்டாள் என்று கோவிந்தராஜ் சொல்ல மாட்டாரா? துலுக்கானம், மதுரைவீரன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பதாலேயே குரலை உயர்த்தினேன்.

"தாள்ல போட்டிருக்கறத மட்டும் செய்யுங்க. நீங்க யோசிக்கறதுக்கு இங்க சம்பளம் தரல."

பிரஸ்களின் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது. நைனா தலையை ஆட்டினார். மூன்று வரிசையையும் மறுபடி ஓட்டினார், தாளில் இருந்தபடி, ஒரு தடவை மட்டும் திறந்து, மணி அடித்ததும் எடுத்து. முப்பது பீஸ். முக்கால்வாசி சல்லடை. சிவப்புத் தட்டு நிறைந்து அதன்மேல் 118 என்று சீட்டு கிடந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவர் திருப்பிக் கொண்டுவந்ததைப் பார்த்து அம்மா அன்று மாலை என்னிடம் கேட்டாள், உடம்பு சரியில்லையா என்று. தெரியாது என்றேன்.

கணக்கு அழகாக வந்தது. சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டி, துண்டைக் கட்டியாக வைக்காமல் ஒல்லியான உருளையாக நட்டு வைத்தால், ரப்பர் இறுகுவதற்கு முன்னால் காற்று தானே வெளியேறிவிடுகிறது. யார் திறந்தாலும், எப்போது திறந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கணக்கை வைத்து வரைந்த படத்தில் நைனாவின் கோடும் மதுரைவீரனின் கோடும் அந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. இருபத்தோரு வருஷமும் ஒரு வாரமும் ஒரே புள்ளியில். பாஸ்கரன் என் தாளைப் பார்த்து ப்யூட்டிஃபுல் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அன்று முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அற்பம்.

இரண்டு நாள் கழித்து கோவிந்தராஜ் அறிக்கையில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். திறமையான ஆபரேட்டர் தேவையில்லை என்று. ஏன் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, ஒளிக்கிற விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. நேரம் கூடினால் பீஸ் குறையும், அதற்கு ஒரு ஆள் இரண்டு பிரஸ் பார்க்க வேண்டும், நிரந்தரக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கான்ட்ராக்ட் ஆட்கள் பார்ப்பார்கள். வித்தை வேண்டாம் என்று உன் படமே சொல்கிறதே என்றார். அடுத்த வியாழக்கிழமை சரிபார்ப்பு ஓட்டம், லாரிக் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். கணக்கு சொன்னபடி பீஸ் வந்துவிட்டால் பொங்கலுக்குள் எட்டுப் பேரையும் விருப்ப ஓய்வில் அனுப்பிவிடலாம். கதவு வரை வந்துவிட்டேன், அப்போதுதான் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்கப்பாவுக்கு மட்டும் கேட்ல ஏதாவது பாக்கறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத."

அன்று மாலை பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் நைனா வழக்கம் போலத் தள்ளி நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்தி, இரண்டு பிரஸ், பொங்கல், கேட் வேலை. அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஆவடிப் பக்கம் போகிற ரயில் ஒன்று வந்து நின்று போனது. நாங்கள் ஏறவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு நைனா" என்றேன். "வியாழக்கிழமை ஓட்டறதுல பாதிப் பீஸு கெட்டுப்போச்சுன்னா அவங்க இத்த அப்படியே நிறுத்திடுவாங்க. பழையபடி உங்க கைதான் வேணும்னு ஆயிடும்."

அவர் டப்பாப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கெடுன்றியா?"

தாளில் போட்டிருப்பதை மட்டும் செய்யச் சொன்னவள் நான். என் வாயால் ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. அடுத்த ரயில் வந்தது. அவர் தன் பெட்டிக்குப் போனார்.

வியாழக்கிழமை லாரிக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர், பாஸ்கரன், கோவிந்தராஜ், எல்லோரும் நாலாம் நம்பர் பிரஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். சூடும் நேரமும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள், மணி அடித்தால் பிரஸ் தானாகத் திறக்கும். துண்டு வைப்பதும் காற்று விடுவதும்தான் ஆபரேட்டர் வேலை. அறுபது பீஸ்.

வந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வயசான ஆபரேட்டர் ஒருவர் நிதானமாக வேலை செய்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது. முதல் ஐந்து பீஸுக்கு அவர் காற்றே விடவில்லை, நெம்புகோலில் கை வைத்ததோடு சரி. பிறகு துண்டை நடுவில் நடாமல் ஓரமாகச் சாய்த்து வைத்தார். அப்புறம் கையை வாளித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு துடைக்காமலே துண்டை எடுத்தார். ஒரு தடவை கையுறையைச் சரி செய்கிற பாவனையில் மோல்டைத் திறந்தபடியே ஆறவிட்டார், ஒரு நிமிஷத்துக்கு மேல். நெற்றியில் வியர்வை. கெடுப்பதற்குத் தனக்குத் தெரிந்த அத்தனையையும் வரிசையாகச் செய்தார். நல்ல பீஸ் போடத் தெரிந்தவருக்குத்தானே அதெல்லாம் தெரியும். நான் கையில் அட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பீஸாவது கெடட்டும், ஒரு பீஸாவது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். என் பெயருக்குரிய சாமி வேம்புலியம்மனை எனக்காக நான் எதுவும் கேட்டதில்லை, அன்று கேட்டேன்.

அறுக்கிற வேலை என்னுடையது. மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக அறுத்தேன். ஒன்று, சுத்தம். பத்து, சுத்தம். சாய்த்து வைத்தது, ஈரக்கையால் வைத்தது, ஆறவிட்டது, எல்லாம் சுத்தம். கறுப்பாக, வழவழவென்று, ஒரு ஊசிமுனை ஓட்டை இல்லாமல். நாற்பதைத் தாண்டியபோது லாரிக் கம்பெனிக்காரர் போதும் என்றார். நான் நிறுத்தவில்லை. அறுபதையும் அறுத்தேன். பாஸ்கரன் கைதட்டினார், கூட இருந்தவர்களும் தட்டினார்கள். நான் கற்றது, நான் கற்றுக்கொடுத்தது, நான் போட்ட கணக்கு, எல்லாம் நூற்றுக்கு நூறு சரி. என் அப்பா வேண்டுமென்றே கெடுத்தாலும் கெடாத அளவுக்குச் சரி.

அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நைனா கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். அறுத்த பாதி ஒன்றை எடுத்து, கட்டை விரலால் அந்த முகத்தை அழுத்திப் பார்த்தார். திருப்பி இன்னொரு பக்கமும் பார்த்தார்.

"கெடுக்கக்கூட முடில வேம்பு" என்றார்.

கேட்டுக்குள் வந்து அவர் என் பெயரைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். சுற்றி யாரும் இல்லை. ஓட்டத் தாளில் கழிவு என்ற கட்டத்தில் சைபர் போட்டேன், பக்கத்தில் 118 என்று எழுதினேன். ஆபரேட்டர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. எங்கே என்று கேட்டார். காட்டினேன். வீராசாமி என்று ஒவ்வொரு எழுத்தாக, எப்போதும் போடுகிற மாதிரியே நிதானமாகப் போட்டார்.

பொங்கலுக்கு முன்னால் எட்டுப் பேரும் போனார்கள். கேட் வேலை வேண்டாம் என்று நைனா சொல்லிவிட்டார். கடைசி நாள் துலுக்கானம் என் மேஜைக்கு வந்து, பக்தவத்சலம் மட்டும் இன்னும் டீ போட்டுகினு கீறான், அவனுக்கும் ஒரு கணக்குப் போட்டுடும்மா என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மதுரைவீரன் இப்போது நாலையும் ஐந்தையும் சேர்த்து ஓட்டுகிறார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவரை எப்போது அனுப்புவார்கள் என்பதுதான் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். பாஸ்கரன் எங்கள் படத்தை மற்ற கம்பெனிகளில் திரையில் காட்டுகிறார். தமிழில் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று திருமழிசைக்கும் ஆவடிக்கும் என்னை அனுப்புகிறார்கள். போகிறேன். போகாமல் இருக்க முடியாது, வீட்டில் இப்போது சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான். கேன்டீனில் கரும்பலகை, பெஞ்சில் ஆபரேட்டர்கள், எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. டீ உதாரணத்தை மட்டும் எடுத்துவிட்டேன். பலகையில் மூன்று காரணம் எழுதிவிட்டு நாலாவதாக ஆபரேட்டர் என்று எழுதத் திரும்பும்போது, பின்னால் யாராவது கை தூக்குகிறார்களா என்று ஒரு நொடி நிற்பேன். தூக்கினால் இந்தத் தடவை எதற்கு என்று நேராகச் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் தூக்கவில்லை. நானாகச் சொன்னதும் இல்லை.